இடது பக்கத்து ஒடுக்குகள்

அரக்கு நிறத்தில் ஒரு சின்னக் கார். அதன் இடது கதவில், கைப்பிடிக்குக் கீழே, தேங்காய் மூடியை வைத்து அழுத்தினாற்போல ஓர் ஒடுக்கு. பெயிண்டில் கீறல்கூட இல்லை. “வீட்டு கேட்டு இடிச்சிடுச்சுப்பா” என்றார் சிஸ்டர், ஏதோ கேட் அவர் வீடிருக்கும் வேங்கிக்காலிலிருந்து நடந்துவந்து இடித்துவிட்டுப் போன மாதிரி. அரசு மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேர் அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள். எனக்கும் சின்ன வயதில் போட்டிருக்கிறார். அவர் என் பட்டறைக்குள் வந்ததும் இடுப்பு தானாக ஒரு பக்கம் ஒதுங்கியது.

பெயிண்ட் அடிக்காமல் ஒடுக்கு எடுப்பது என் தொழில். மற்றவர்கள் தட்டி, பட்டி போட்டு, மேலே பெயிண்ட் அடித்து மூடிவிடுவார்கள். நான் கதவுக்குள் வளைந்த கம்பியை விட்டு, தகட்டை உள்ளிருந்து துளித்துளியாக நெம்புவேன். பக்கத்தில் ஒரு ட்யூப் லைட்டை நிறுத்தி, அதன் வெளிச்சம் கதவில் எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஒடுக்கு இருக்கும் இடத்தில் வெளிச்சக் கோடு நெளியும். கோடு நேரானால் வேலை முடிந்தது. ஒரு நெம்பு ஜாஸ்தியாகப் போனால் தகடு மேடாகிவிடும், அப்புறம் உட்கார்ந்து அழ வேண்டியதுதான். கடைசியில் வண்டிக்காரர் கையால் தடவிப் பார்த்து, எங்கே இருந்தது என்றே தெரியவில்லையே என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகச் சோறு தண்ணி மறந்து கிடந்திருக்கிறேன். தலைக்கனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

சிஸ்டர் என்னைத் தேடி வந்ததும் அந்தத் தெரியாமைக்காகத்தான். பெங்களூரிலிருக்கும் மகன் மாதம் ஒருமுறை வருவார். இந்த வயசில் எதற்குக் கார், இன்னொரு தடவை இடித்தால் விற்றுவிடுவேன் என்று சொல்லியிருந்தார். காரில்லாவிட்டால் சிஸ்டரின் ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையில் நடக்க முடியாமல் கிடக்கும் நாலைந்து பேருக்குச் சர்க்கரைப் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு வருவார். யாரும் கேட்டுப் போனதில்லை, அவராக ஆரம்பித்தது. புது பெயிண்ட் என்றால் மகன் கண்டுபிடித்துவிடுவான், நீ செய்தால் தெரியாது என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பிறகு அடிக்கடி வந்தார். மலை சுற்றும் பௌர்ணமிக் கூட்டத்தில் யாரோ உரசிவிட்டார்கள் என்பார். மாடு குறுக்கே வந்தது என்பார். ஒருமுறை கடைப் பலகை. எல்லாவற்றையும் நம்பினேன். உண்மையில் எனக்குக் கதை முக்கியமாகவே இல்லை, ஒடுக்குதான் முக்கியம். மூன்றாவது ஒடுக்கு கதவு மடிப்பின் மேலேயே விழுந்திருந்தது. அதை எடுத்து முடித்த நாளில் நானே நாலு தடவை தள்ளி நின்று பார்த்து ரசித்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கம்பி கிழித்த என் விரலைப் பிடித்து மருந்து வைத்துக் கட்டுவார். கட்டும்போதே, எத்தனை டீ குடித்தாய், ஏன் இப்படி இளைத்துப் போனாய் என்று திட்டும் நடக்கும். பெற்றவள்கூட என்னை அப்படித் திட்டியதில்லை. அதற்காகவே ஒடுக்கு விழுந்தாலும் பரவாயில்லை என்று நினைத்திருக்கிறேன், பாவி.

ஐந்தாவது முறை வந்தபோது, டீயை அவருக்கு இடப்பக்கம் வைத்தேன். வேண்டுமென்று வைக்கவில்லை. அவர் கை பட்டு டம்ளர் கவிழ்ந்தது. வைத்ததையே அவர் பார்க்கவில்லை. துடைக்கக் குனிந்தவன் எழுந்து காரைச் சுற்றி வந்தேன். வலப்பக்கம் ஷோரூமிலிருந்து வந்த மாதிரி இருந்தது.

“சிஸ்டர், அஞ்சும் இடப்பக்கமே இருக்குதுங்க” என்றேன்.

கம்பி நெம்புகிற வேலையை மட்டும் பார் என்றார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. இதை எடுக்க மாட்டேன், சாவியும் தர மாட்டேன் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஊருக்கே வைத்தியம் சொன்னவர், கவிழ்ந்த டம்ளரைத் தடவி எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

“ஆறு மாசமா தெரியும்ப்பா. அந்தப் பக்கம் மங்கிக்கினே வருது. டாக்டர் கிட்ட போனா வண்டி ஓட்டாதேன்னு சொல்லிடுவாரு. அப்புறம் அந்தப் புண்ணையெல்லாம் யாரு கழுவுவா?”

சொல்லிவிட்டு, தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். மகனிடம் நீயே சொல்லு, எனக்கு வாய் வராது என்றார். சொன்னேன்.

மகன் கூட்டிப்போன கண் ஆஸ்பத்திரியில், கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது என்றார்கள். இடக்கண்ணில் போன பார்வை போனதுதான். வலக்கண்ணைச் சொட்டு மருந்தால் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் இடக்கண்ணிலும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். காரை எடுக்க வந்த மகன் இதை என்னிடம் சொல்லிவிட்டு, நான் எடுக்காமல் விட்ட ஐந்தாவது ஒடுக்கைத் தாண்டி, கதவைக் கையால் தடவிப் பார்த்தார். “இங்கயா நாலு தடவ இடிச்சாங்க? ஒண்ணுமே தெரியலையே.” குத்திக்காட்டச் சொல்லவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் சொன்னார். என்னால் தலை நிமிர முடியவில்லை. ஊரில் எந்த அரைகுறை ஆளிடம் கொடுத்திருந்தாலும், அவன் திட்டுத்திட்டாகப் பெயிண்ட் அடித்து வைத்திருப்பான். மகன் முதல் மாதமே பார்த்திருப்பார்.

சிஸ்டரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். வேலையை நல்லா செஞ்சதுக்கு எவனாவது மன்னிப்பு கேப்பானா என்று அதற்கும் திட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டினார்.

மகன் காரை விற்கவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை, நான்தான் ஓட்டுகிறேன். வேங்கிக்காலிலிருந்து அடி அண்ணாமலைக்குக் கிட்டத்திலேயே வழி இருக்கிறது. சிஸ்டர் விட மாட்டார். மலையை வலப்பக்கம் வைத்துத்தான் போக வேண்டும் என்று ஊரைச் சுற்றிப் போகச் சொல்வார். பக்தி என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் திரும்பிப் பார்த்தபோது, இருக்கிற கண்ணால் மலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடி அண்ணாமலைக்குள் நுழைந்ததும் வண்டியின் வேகத்தைக் குறைப்பேன். இடப்பக்கம், வீட்டு வாசல்களில் ஆட்கள் நின்று கை காட்டுவார்கள். “யாரோ கை காட்டுறாங்க, சிஸ்டர்” என்பேன். யார் என்று கேட்க மாட்டார். மடியிலிருக்கும் மருந்துப் பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தெரியாத அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்து, மறு கையை ஆட்டுவார்.