எழுபது வளைவும் ஒரு மேம்பாலமும்

எங்கள் ஊர்ப் பக்கம் மலை கிடையாது. ஆரம்பாக்கத்திலிருந்து மீஞ்சூர் வரைக்கும் தரை தோசைக்கல் மாதிரி தட்டையாகக் கிடக்கும். மேடு ஒன்றைக் காட்டு என்று யாராவது கேட்டால் நெடுஞ்சாலை மேம்பாலத்தைத்தான் காட்ட வேண்டும். அந்த மேம்பாலத்தில் ஏறி இறங்கிய அனுபவத்தை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் கொல்லிமலைக்கு வண்டி ஓட்டப் போனார்.

அவருடையது பதினாலு பேர் உட்காரும் வேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குகிறார். அதே கம்பெனியில் பாட்டில் மூடி செக் பண்ணும் லைனில் நான் நிற்கிறேன். பத்து வருஷமாக அவர் பக்கத்துச் சீட்டில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். அவருக்கு லைசென்ஸ் கொடுத்த அதிகாரி அவர் ஓட்டி ஒரு கால் மணி நேரம் பார்த்திருப்பார். நான் பத்து வருஷம் பார்த்திருக்கிறேன்.

மேம்பாலத்தின் உச்சி வந்ததும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிடுவார். இன்ஜின் சத்தம் அடங்கி, வண்டி தானாக உருண்டு கீழே இறங்கும். இவர் மட்டும் இல்லை, எங்கள் பக்கத்து ஷிப்ட் வேன்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. டீசல் மிச்சமாம். உண்மையில் அது ஒரு பந்தயம். டீக்கடையில் நின்றுகொண்டு ஒருத்தர் பங்க் வரைக்கும் உருட்டினேன் என்பார், இன்னொருத்தர் பங்க்கைத் தாண்டி பஸ் ஸ்டாப் வரைக்கும் என்பார். எல்லோரும் பிள்ளை குட்டி பெற்றவர்கள். என் வீட்டுக்காரர் ஒருநாள் எடைமேடை வரைக்கும் உருட்டிவிட்டாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவரின் முகத்தில் இருந்த பெருமையை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

ஒரு மே மாதம் மெஷின்களைக் கழற்றி மாட்டுவதற்காகக் கம்பெனியை நாலு நாள் மூடினார்கள். வேனில் வரும் பெண்கள் எல்லோரும் சேர்ந்து குளிர்ச்சியாக எங்கேயாவது போகலாம் என்றார்கள். ஒருத்தி போனில் கொல்லிமலை ரோட்டைக் காட்டினாள். எழுபது கொண்டை ஊசி வளைவு. மேலேயிருந்து எடுத்த படம், பிழிந்து போட்ட முறுக்கு மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் போனை ஒரு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா இப்போ, ரோடு வளைஞ்சிக்கினு போவுது, நாமளும் வளைஞ்சிக்கினு போவ வேண்டியதுதான்" என்றார். மலையில் வண்டி ஓட்டுவதைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சி அவ்வளவுதான்.

மற்றபடி ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். ஐந்தாவது பழம் முன்கண்ணாடி ஓரத்தில் உட்கார்ந்தது. கற்பூரம் காட்டினார். டயரில் காற்று இருக்கிறதா என்று கேட்டதற்குக் காலால் ஒரு உதை விட்டுப் பார்த்து, இருக்கிறது என்றார். பிரேக்கைப் பற்றிக் கேட்க எனக்கும் தோன்றவில்லை.

விடிவதற்கு முன்னால் கிளம்பி, வழியில் நாஷ்டா முடித்து, மத்தியானம் அடிவாரம் சேர்ந்தோம். செகண்டு கியரிலேயே முக்கி முக்கி ஏறினோம், ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு வளைவிலும் நம்பர் போட்ட பலகை இருந்தது. பெண்கள் அதைச் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தார்கள், நாற்பதுக்கு மேல் பாதிப் பேர் வாந்தி எடுக்கப் போனதால் எண்ணிக்கை நின்றுபோனது. இரண்டு நாள் அருவியும் அன்னாசிப்பழமுமாகப் போயிற்று.

இறங்கும்போது அவர் புத்தியைக் காட்டினார். முதல் வளைவிலேயே நியூட்ரல். வண்டி ஜம்மென்று உருண்டது. ஏறி வந்த லாரிக்கு வழி விடாமல் வளைவின் நடுவில் மூக்கோடு மூக்காக நிறுத்தினார். லாரி டிரைவர் திட்டக்கூட இல்லை. கொஞ்ச நேரம் இவரையே பார்த்துவிட்டு, ஏதோ பாவம் பார்த்தவர் போல வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டார். இவர் அதைத் தன் வெற்றி என்று எடுத்துக்கொண்டார். பாதி வழியில் ஒரு கருகல் வாசனை வந்தது. யாரோ மிளகு வறுக்கிறார்கள் என்றாள் பின்சீட்டுக்காரி. மலை மிளகின் வாசனையே தனி என்றாள் இன்னொருத்தி. வேனில் இருந்த எல்லோரும் மூக்கை இழுத்து அந்த வாசனையை அனுபவித்தோம். நானும்தான்.

அடிவாரத்தில் டீக்கு நிறுத்தியதும் இவர் வாழைப்பழம் வாங்கப் போனார். பக்கத்தில் நின்ற பஸ்ஸின் டிரைவர் எங்கள் வண்டிச் சக்கரத்தின் அருகே குனிந்து பார்த்தார். சக்கரத்திலிருந்து லேசாகப் புகை வந்துகொண்டிருந்தது. மிளகு வறுபட்ட இடம் அதுதான். நிமிர்ந்து என்னிடம் வந்தார்.

"ஏனுங்கம்மா, வண்டி உங்க வீட்டுக்காரருதுங்களா? எந்த கியருல ஏறுனாரோ அதே கியருல எறங்கச் சொல்லுங்க. நியூட்ரல்ல உருட்டிப் பிரேக்கையே அமுத்திட்டு வந்தா ஒரு நாளைக்குப் பிரேக்கு நிக்காதுங்க."

சக்கரம் தானாக ஆறட்டும், அரை மணி நேரம் வண்டியை எடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். என் வீட்டுக்காரர் பழத்தோடு வருவதற்குள் அவர் பஸ்ஸில் ஏறிவிட்டார். எனக்கு இன்னொரு டீ வேண்டும், காலாற நடக்க வேண்டும் என்று ஏதேதோ சொல்லி அந்த அரை மணி நேரத்தை ஓட்டினேன். விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், பதினாலு பேர் முன்னால் பெண்டாட்டி வாயிலிருந்து டிரைவிங் பாடம் கேட்டால் அவர் பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அந்தப் பேஜாரு எனக்கு எதற்கு? வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தால் தண்ணீர் வரவில்லை, மகளுக்கு யூனிபார்ம் தைக்கவில்லை, அடுத்த நாள் காலை ஷிப்ட். மலையே இல்லாத ஊரில் மலையில் இறங்குவதைப் பற்றி என்ன பேச்சு என்று விட்டுவிட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. இரண்டாம் தடவை போகலாம் என்று அதே கூட்டம் கிளம்பியது. இந்த முறை ஒன்பதாவது படிக்கும் எங்கள் மகளும் வந்தாள். முந்தின நாள்தான் வேனுக்குப் பூஜை போட்டிருந்தார். அந்த அலங்காரத்தோடேதான் மலைக்குப் போக வேண்டும் என்பது அவர் பிடிவாதம். இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியதில் கண்ணாடியில் பின்னால் வருவது தெரியவில்லை. ஹெட்லைட் இரண்டுக்கும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனப் பொட்டு. முன்கண்ணாடியில் மூன்று பட்டை. மழை பெய்து வைப்பர் ஓடியதும் அந்தச் சந்தனம் கரைந்து கண்ணாடி முழுக்கப் பூசிக்கொண்டது. வண்டிக்குக் கண் பட்டுவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு, ஓட்டுகிறவர் கண்ணை மறைத்தது. அதையும் அவர் விரலால் துடைத்துவிட்டு ஓட்டினார்.

மறுநாள் இறங்கும்போது விடாமல் மழை. ரோட்டின் குறுக்கே தண்ணீர் ஓடியது, அதோடு கல்லும் உருண்டு வந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். அதில் நியூட்ரல். எனக்கு பஸ் டிரைவர் சொன்னது ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். மகள் இவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணாடியில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். சொல்ல வாயெடுத்தேன். இவ்வளவு பேர் முன்னால் வேண்டாம், கீழே போய்ச் சொல்லலாம் என்று அப்போதும் மூடிக்கொண்டேன்.

முப்பத்தெட்டாவது வளைவுப் பலகையைத் தாண்டியதும் பிரேக்கை மிதித்த அவர் கால் இரண்டு முறை தரை வரைக்கும் போய் வந்ததைப் பார்த்தேன். வண்டி நிற்கவில்லை. வேகம் ஏறியது. அவர் முகத்தைப் பார்த்தேன். பத்து வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"யோவ், கியர்ல போடு! செகண்டு போடு!" என்று கத்தினேன்.

கியர்பாக்ஸ் கறகறவென்று அலறியது. முதலில் மூன்றாவது விழுந்தது, வண்டி ஒரு முறை குலுங்கியது, அப்புறம் இரண்டாவது விழுந்தது. இன்ஜின் கத்திக்கொண்டே வண்டியை இழுத்துப் பிடித்தது. அடுத்த வளைவு வருவதற்குள் அவர் இடது சக்கரத்தை மலையோரச் சாக்கடையில் இறக்கிவிட்டார். வாழைக்கன்றும் கண்ணாடியும் பாறையில் தேய்ந்து போயின. வண்டி நின்றது. எதிர்ப்பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர், அதற்கு அப்பால் வெறும் வெள்ளைப் புகை. மகள் நெற்றியில் முட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான்.

ஒருத்தி, இந்தத் தடவையும் முன்கண்ணாடி ஓரத்தில் வைத்திருந்த ஐந்தாவது எலுமிச்சம்பழத்தைத் தேடி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதுதான் காப்பாற்றியதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பழத்தை வாங்கி மலைக்குக் கீழே வீசினேன்.

மெக்கானிக் வருகிறவரை மழையில் நின்றோம். என் வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். செகண்டு போடச் சொன்னாயே, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. மே மாதத்து பஸ் டிரைவரைப் பற்றிச் சொன்னேன்.

மகள் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டே, "அஞ்சு மாசமா தெரிஞ்சிக்கினு கம்முனு இருந்தியா?" என்றார்.

திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். எலுமிச்சம்பழத்திலிருந்து எடைமேடை வரைக்கும் என்னிடம் எவ்வளவோ இருந்தது. அவர் திட்டவில்லை. ஒரு முட்டாளின் மரியாதையைக் காப்பாற்றுவதற்காகப் பெற்ற பிள்ளையைப் பள்ளத்தின் விளிம்பு வரைக்கும் கொண்டுவந்த முட்டாள் யார் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் அவரை வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை. புதிதாக மதம் மாறியவர் மாதிரி ஆகிவிட்டார். டீக்கடையில் நின்று, ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, மழையில் கல் விழுந்த இடத்தில் நிற்கவே கூடாது, வெயில் காலத்தில் பாதி இறக்கத்தில் நிறுத்திப் பிரேக்கை ஆறவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்தது போலப் பாடம் எடுக்கிறார். தட்டை ஊரில் அதைக் கேட்கவும் பத்துப் பேர் நிற்கிறார்கள். மேம்பாலத்தில் இப்போது இரண்டாவது கியரில்தான் இறங்குகிறார். பின்னால் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்தே செத்துப்போகின்றன. வேனில் இருக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நான் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

தை மாதம் மூன்றாவது தடவை போனோம். சந்தனமும் இல்லை, வாழைக்கன்றும் இல்லை. இறங்குகிற அன்றைக்குக் காலையில் பால் மாதிரிப் பனி. வெயில் ஏறிப் பலகையின் நம்பர் தெரிகிறவரை வண்டியை எடுக்க மாட்டேன் என்று பத்து மணி வரைக்கும் எல்லோரையும் உட்கார வைத்தார். பெண்கள் முனகினார்கள். பத்து மணிக்கு ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டார், ஆனால் திருப்பவில்லை. வேனில் எல்லோரும் இருக்கும்போதே என் பக்கம் திரும்பினார்.

"ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடும்மே. அப்புறம் வளைவுல வச்சி சொல்லாத."

பின்பக்கம் இடது டயர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, நேற்றே பார்த்தேன் என்றேன்.

அவர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தார். ஸ்டெப்னியை மாட்டி முடிக்கப் பதினொரு மணி ஆயிற்று.