சிங்கமும் இல்லை, புலியும் இல்லை

1992 மே 17, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி ஐந்து நிமிடம். லண்டன் மோர்டனில் தூறல்; காற்று இல்லை. வாடகைக்கு எடுத்த தேவாலய மண்டபத்தின் வாசலில் நின்று ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பது கதிரை போட்டிருந்தேன். முப்பது பேர் வந்தாலே பெரிய காரியம் என்று மனைவி சொல்லியிருந்தாள். தொண்ணூற்றொரு பேர் வந்துவிட்டார்கள்.

விழா, என் பக்கத்து வீட்டுக்காரியின் பெற்றோருக்கு. அமெரிக்கர்கள். இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் மலைகளில் மலைச் சிங்கம் என்று ஒரு பெரிய பூனை உண்டு. அதைச் சுட்டவனுக்கு அரசாங்கமே பணம் கொடுத்த காலத்தில், இவர்கள் அதற்கு மயக்க ஊசி போட்டுக் குறியிட்டு, பனியில் பின்தொடர்ந்து, அதன் வாழ்க்கையை அறிந்து எழுதினார்கள். சுட வேண்டாம் என்று பண்ணை பண்ணையாகப் போய்ச் சொன்னார்கள். முப்பத்திரண்டு வருடம் யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படிப்பித்த எனக்கு இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. இதுவரை அவர்களுக்கு யாரும் ஒரு மாலைகூடப் போட்டதில்லையாம். செவ்வாய்க்கிழமை ஊர் திரும்புகிறார்கள். எங்கள் ஆட்கள் மரியாதை தெரிந்தவர்கள் என்று வீம்பாகச் சொல்லி அழைத்து வந்திருந்தேன்.

இவ்வளவு கூட்டம் ஏன் என்பதைப் பலசரக்குக் கடைக்காரர் சொன்னார். விழா அறிவித்தலை அவருடைய கடைக் கண்ணாடியில் ஒட்டக் கொடுத்திருந்தேன்.

"மாஸ்டர், சிங்கத்துக்கு விழா எண்டு என்ரை கடையிலை ஒட்டேலுமே? சிங்கக் கொடிக்குப் பயந்து ஓடிவந்த சனம், நாளைக்கு ஒண்டும் என்னட்டை அரிசி வாங்காது. அதுதான் சிங்கத்தை வெட்டிப்போட்டுப் புலி எண்டு எழுதினனான்."

"மலைப்புலி எண்டோ?"

"ஓம். இயக்கத்துக் கூட்டம் எண்டு நினைச்சு வந்திருக்கிற சனத்தைப் பாருங்கோவன்!"

முன்வரிசையில் ஒருவர் என் கையைப் பிடித்தார். "எந்த மலையிலை நிண்டவை, மாஸ்டர்? உந்த வெள்ளைக்காறக் கிழவனும் கிழவியும் ஆர்?"

விளக்கை அணைத்தேன். திரையில் முதல் படம்: பனி மூடிய மரத்தின் மேல் ஒரு பழுப்பு மிருகம்.

"இது புலியில்லை. உடம்பிலை வரியைக் காணேல்லை."

"சிங்கமும் இல்லை. பிடரி மயிர் எங்கை?"

பின்வரிசையில் மூன்று பேர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். என்ன பிரச்சினை என்று அந்த அமெரிக்க அம்மா கேட்டார். பெயர்தான் பிரச்சினை என்றேன். அவர் சிரித்தார். அவர்கள் நாட்டிலும் ஊருக்கு ஒரு பெயராம். ஆனால் எந்தப் பெயருக்கும் அது திரும்பிப் பார்த்ததில்லையாம். தமிழில் சொன்னேன். ஓரிருவர் சிரித்தார்கள்.

அடுத்தது ஒரு வரைபடம். ஒரே ஒரு ஆண் உலாவும் நிலம். "மோர்டனிலை துவங்கினால் குரோய்டனையும் தாண்டும்" என்றேன்.

"ஒருத்தனுக்கே அவ்வளவு காணியோ?" கடைக்காரர் எழும்பிவிட்டார். "வேலி இல்லாமலோ?"

அம்மாவின் கணவர், அந்தப் பெரியவர், விளக்கினார். வேலி இல்லை. பின்னங்காலால் சருகைக் குவித்து அதன்மேல் சிறுநீர் கழித்து எல்லை போடும். மணத்தைப் பிடித்த மற்ற ஆண் விலகிப் போகும். விலகாவிட்டால் சண்டை, சிலவேளை சாகும்வரை.

"அப்ப இது எங்கடை ஆள்தான்!" என்று கத்தினார் கடைக்காரர். "என்ரை அப்பர் அரை அடி வேலிக்குப் பதினெட்டு வருசம் வழக்குப் பேசக் கோட்டுக்குப் போனவர்!"

மண்டபம் அதிர்ந்தது. குடைக்காரர் மூவரும் திரும்பி வந்து சுவரோடு சாய்ந்து நின்றார்கள். அதன் பிறகு கேள்விகள் நிற்கவில்லை. தாய் குட்டிகளை எவ்வளவு காலம் வைத்திருக்கும் என்று ஒரு பெண் கேட்டார். ஒன்றரை வருடம், பிறகு தனியே விட்டுவிடும் என்றார் அந்த அம்மா.

"குடுத்துவைச்சவள். என்ரை மகனுக்கு முப்பத்துமூண்டு, இன்னும் மேல்மாடியிலை கிடக்கிறான்."

நான் இருவருக்கும் மாலை போட்டேன். கடைக்காரர் கேட்காமலே என் கையிலிருந்த பொன்னாடையைப் பிடுங்கிப் பெரியவருக்குப் போர்த்தினார். பிறகு வரிசை கட்டிவிட்டார்கள், கைகுலுக்க. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி துடைத்தார். அந்த அம்மா மாலையைக் கழற்ற மறுத்து, அதோடேயே தூறலில் வீடு வரை நடந்தார்.

நாற்பது பேருக்குச் சொன்ன பற்றீஸ் பலகாரம் போதாமல், கடைக்காரர் தன் வான் வண்டியில் இன்னும் இரண்டு பெட்டி ஏற்றி வந்தார். இலவசம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் அதற்கும் அவரிடமிருந்து பில் வந்தது. மண்டபம், மாலை, பொன்னாடை, பற்றீஸ் எல்லாம் சேர்த்து என் செலவு நூற்றுப் பன்னிரண்டு பவுண், அறுபத்தைந்து பென்ஸ்.