டோஃபு வாங்கப் போகிறவர்

"நகாவோகா... கித்தா நகாவோகா... ஒஷிகிரி..."

ஷினானோ ஆற்றங்கரை மேட்டில் காலை ஆறரைக்கு, விளக்குக் கம்பத்துக்கு ஒன்றாக ரயில் நிலையங்களின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டு ஒருவர் விறுவிறுவென்று நடந்தால் அவர்தான் இசெகி தமோத்சு. வயது நாற்பத்தேழு. ஆரம்பத்தில், பாவம், மூளை கலங்கிவிட்டது போல என்று ஊர்க்காரர்கள் ஒதுங்கிப் போனார்கள். மூளையெல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. வாய்விட்டுப் பேச முடிகிற வேகத்தில் நடக்கலாம், பேசும்போது மூச்சு முட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது இதய மருத்துவர் சொல்லிக் கொடுத்த வழி. தனியாக நடக்கிற மனுஷன் யாரோடு பேசுவார்? அதனால் நிலையப் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு, கற்பனையிலேயே வடக்கே போகும் ரயிலில் ஏறிக்கொண்டார். முதல் மாதம் ஒஷிகிரியிலேயே மூச்சு வாங்கியது. இப்போது ஏழாவது நிலையமான சான்ஜோ தாண்டுகிறார்.

திரும்பும்போது சோயாப் பாலில் செய்த டோஃபு இரண்டு கட்டி வாங்குவார். வீட்டில் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்த சாக்கு அதுதான்.

"ஏம்ப்பா தமோ, தினம் ரெண்டு கட்டி! வீட்ல டோஃபுல சுவர் எழுப்புறீங்களா?" என்பார் கடைக்கார ஹோரிகோமே அம்மாள்.

"அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும்."

அம்மா ஃபுமியேவுக்கு எழுபத்தாறு வயது. டோஃபு அவருக்கு அப்படியொன்றும் பிடிக்காது. ஆனாலும் குளிரவைத்தும் பொரித்தும் சூப்பில் போட்டும் தினமும் தின்று தீர்க்கிறார்.

நீலம் பூத்த உதடுகளோடு பிறந்த பிள்ளை தமோத்சு. இதயத்தில் ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் குழாயில் அடைப்பு. ஐந்து வயதில் நெஞ்சைத் திறந்து சரிசெய்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த சிறுமி வீட்டுக்குப் போன நாலாம் நாள் ஊஞ்சலில் இருந்து இறங்கினாள், சுருண்டு விழுந்தாள், போய்விட்டாள். அன்றோடு ஃபுமியேவுக்குத் தூக்கம் போயிற்று. மகன் வேகமாக எழுந்தால்கூட "மெதுவா, மெதுவா" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வரும்.

உடற்பயிற்சி வகுப்பில் எல்லாரும் குதிக்க, இவர் மர நிழலில் அவர்களுடைய தொப்பிகளுக்குக் காவல் இருந்தார். மனசு கேட்காத ஒரு வாத்தியார் விளையாட்டு விழாவில் ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார். அது ஒட்டிக்கொண்டது. பேட்டை விளையாட்டு விழாவில் இன்றைக்கும் அவர் சுட்டால்தான் ஓட்டம்.

"இந்த ஊர்ல எல்லாரையும் ஓட விட்டவன் நான்தான்," என்று சிரிப்பார். "நீங்க ஓடலையான்னு ஒரு பய கேட்டதில்ல."

வேலையும் அம்மா பார்த்ததுதான். உட்கார்ந்து செய்கிற வேலையாக, ரயிலடிக் கண்ணாடிக் கடையில் சேர்த்துவிட்டார். கல்யாணப் பேச்சு வந்தபோது "அவன் உடம்பு தாங்காதுங்க" என்று தலைகுனிந்து வணங்கித் திருப்பி அனுப்பியதும் அம்மாதான். தாங்காது என்றுதான் தமோத்சுவும் நம்பினார்.

போன இலையுதிர் காலத்தில் ரயிலடி மேம்பாலப் படியில் மூச்சுத் திணறி உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் மூச்சை அளக்கும் முகமூடி மாட்டி, சைக்கிள் மிதிக்கவைத்துப் பார்த்தார்கள்.

"இதயம் நல்லாத்தான் இருக்கு இசெகி சார். உடம்புதான் பழகவே இல்ல. சின்ன வயசுலயே நடந்து ஓடி ஆடியிருக்கலாமே, யார் வேணாம்னாங்க?" என்று கேட்ட மருத்துவர், பழைய காகிதங்கள் இருந்தால் கொண்டுவரச் சொன்னார்.

அம்மா குளிக்கப் போன நேரத்தில் தமோத்சு அலமாரி இழுப்பறையைத் துழாவினார். ஒரு பழுப்பு உறை அகப்பட்டது. பிள்ளை எவ்வளவு ஓடலாம், ஆடலாம் என்று மருத்துவர் வருஷா வருஷம் பள்ளிக்கு எழுதித் தரும் படிவங்கள், ஆறு வருஷத்துடையவை, மடிப்புக் கலையாமல் இருந்தன. ஒன்பதாம் வயதிலிருந்தே, போட்டி ஓட்டம் தவிர எல்லாம் செய்யலாம் என்று ஒவ்வொன்றிலும் வட்டம் போட்டிருந்தது. ஒன்றுகூடப் பள்ளிக்குப் போகவில்லை. "போன வருஷம் மாதிரியேதாங்க" என்று அம்மா குனிந்து வணங்கியிருப்பார். தாய் அப்படி வணங்கும்போது காகிதத்தைக் காட்டு என்று கேட்கிற வாத்தியார் இந்த ஊரில் கிடையாது. அவரும் பதிலுக்குக் குனிந்திருப்பார். போயிற்று முப்பத்தெட்டு வருஷம்!

குளியலறையில் தண்ணீர் சத்தம் நிற்பதற்குள் உறையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். கோபம் வந்தது. கூடவே அந்த ஊஞ்சல் பெண்ணின் நினைப்பும் வந்தது. யாரைத் திட்டுவது? நீ என்னைக் காப்பாற்றவில்லை, முடக்கித்தான் வைத்தாய் என்று இந்த வயதில் அம்மாவிடம் சொன்னால், அவருக்கென்று வேறு என்ன மிஞ்சும்? மறுநாள் காலையில் "டோஃபு வாங்கிட்டு வரேன்" என்று முதல் தடவையாகக் கிளம்பினார்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் சான்ஜோ தாண்டி, வளைவில் திரும்பினார். முப்பது தப்படி முன்னால், கரைமேட்டின் ஒற்றையடிப் பாதை நடுவே, வெயில் குடையோடு அம்மா நின்றிருந்தார். மூட்டுவலிக்காரி, கரைமேட்டுப் படிகளை எப்படி ஏறினாரோ. மகன் கைவீசி, வியர்த்து, விரைந்து வருவதை இமைக்காமல் பார்த்தார். தமோத்சுவுக்கு வாயில் அடுத்த நிலையத்தின் பெயர் நின்றுபோனது. கால்தான் நிற்கவில்லை. அந்த "மெதுவா" இப்போது வரும், இப்போது வரும் என்று காது காத்துக்கொண்டிருந்தது.

அம்மா வாய் திறக்கவில்லை. மகனுக்கு வழிவிட்டு, பனித்துளி நனைத்த புல்லில் ஒவ்வொரு காலாக இறங்கி, ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்று, முகம் மறைகிற வரைக்கும் குடையைத் தாழ்த்திக்கொண்டார்.