ஆயிரத்து நூற்று முப்பத்தேழு சால்

நிலம் என் பெயரில் இருந்தது. எனக்கு வயது ஒன்பது. மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள். திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே மூன்று ஏக்கரும் ஒரு கிணறும். அப்பா தம் உழைப்பில் வாங்கி, சாகுமுன் எனக்கு உயில் எழுதி வைத்தது. நான் மைனர் என்பதால் கோர்ட்டு பெரியப்பாவைக் கார்டியன் ஆக்கியிருந்தது.

கார்டியன் நிலத்தை விற்கக் கோர்ட்டின் அனுமதி வேண்டும். கிணறு வற்றிவிட்டது, மைனருக்கு நிலத்தால் பயனில்லை என்று பெரியப்பா மனுப் போட்டார். வாங்க இருந்தவர் பெரியம்மாவின் தம்பி; பக்கத்து மஞ்சள் காடு அவருடையது. நேரில் பார்த்து எழுத, புதன்கிழமை சேலத்திலிருந்து ஒரு வக்கீல் கமிஷனராக வருவதாகச் செய்தி வந்தது.

திங்கள் காலை நான் ஒரு மண்குடத்தை உடைத்தேன். அம்மா அடிக்கவில்லை. கையில் ஒரு கரித்துண்டைக் கொடுத்து, "காட்டுச் சாளைல போய்க் குந்து. எத்தனை சால் எறைக்கறாங்கன்னு எண்ணு. ஒண்ணு தப்புச்சுன்னாலும் சோறு கெடையாது" என்றாள்.

பெரியப்பா இரண்டு ஜோடி எருதுகளைப் பூட்டி, எங்கள் கிணற்றுத் தண்ணீரைத் தோல் சாலில் இறைத்து மஞ்சள் காட்டுக்கு விட்டுக்கொண்டிருந்தார். பத்துச் சாலுக்கு, கிணற்றை ஒட்டிய சாளைக் குடிசையின் சுவரில் ஒரு கோடு, மிச்சத்துக்குப் புள்ளி. செவ்வாயும் அதே தண்டனை. நான் அம்மாவோடு பேசவில்லை.

புதன் விடிந்ததும், இரவில் ஊறியதையும் வழித்தெடுத்தார்கள். கமிஷனர் வந்து எட்டிப் பார்த்தபோது அடியில் வெறும் சேறு.

"நாலு மாசமா இப்பிடித்தானுங்க" என்றார் பெரியப்பா.

கமிஷனர் பேனாவைத் திறந்தார். நான் முன்னால் போய் நின்றேன்.

"இல்லீங்க. முந்தாநேத்து ஐநூத்தி எழுவத்திரண்டு சால், நேத்து ஐநூத்தி அறுவத்தஞ்சு. எண்ணுனது நானுங்க."

"ஊட்டுக்குப் போ கழுதை! புள்ள என்னமோ ஒளறுதுங்க."

அந்த வார்த்தைதான் பொறுக்கவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து எண்ணியது உளறலா?

"ஒளறலீங்க பெரீப்பா! செவுத்துல கோடு இருக்குது, எண்ணிக்கோங்க. தண்ணி அந்த மஞ்சக் காட்டுல நிக்குது. கெணறு என்னுது, நெலம் என்னுது. நான் விக்கமாட்டேன்!"

பெரியப்பா கையை ஓங்கினார். நான் நகரவில்லை.

"கையை எறக்குங்க. பாப்பா, நீ முன்னால நட" என்றார் கமிஷனர்.

கோடுகளை இரண்டு முறை எண்ணினார். மஞ்சள் காட்டில் செருப்பு சேற்றில் புதைந்து வார் அறுந்தது. அதைக் கையில் பிடித்தபடி வந்து கிணற்றை மறுபடி பார்த்தார். சேற்றின்மேல் தெளிந்த நீர் ஏறியிருந்தது.

கோர்ட்டு அனுமதி மறுத்தது. பெரியப்பா ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. நானும் வலியப் போய்ப் பேசவில்லை.

கமிஷனர் வந்த அன்று முழுவதும் அம்மா சாளைக் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். கணவனின் அண்ணன் எதிரில் பெண்கள் வாய் திறப்பது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. பாவம், பயந்தவள், அவளுக்கும் சேர்த்து நான்தான் பேசினேன் என்று ஊரெல்லாம் தலைநிமிர்ந்து திரிந்தேன். ஒரு குடத்துக்கு இரண்டு நாள் தண்டனை அதிகம் என்ற கோபம் மட்டும் தீரவில்லை.

அந்தப் பொங்கலுக்கு அம்மா சாளைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். கரிக்கோடு போட்ட சுவரை மட்டும் விட்டுவிட்டாள். நான் குடம் உடைத்ததை மறக்கக் கூடாதென்று வைத்திருக்கிறாள் என நினைத்து, அந்தப் பக்கம் திரும்பாமலே போய்வந்துகொண்டிருந்தேன்.