பாவாவின் நம்பர்

என் மேசை இழுப்பறையில் விரல் நீள எஃகு அச்சு ஒன்று கிடக்கிறது. முனையில் ஓர் எண். இரும்பின் மேல் நிறுத்திச் சுத்தியலால் ஒரு போடு போட்டால் பதிந்துவிடும். என் அக்கா வீட்டுக்காரர், எங்கள் பாவா, சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டராக இருந்தபோது அவருக்குக் கொடுத்த எண் அது. அவர் பற்றவைத்த ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் அந்த எண் இருக்கும். விரிசல் விட்டால் யார் கை என்று தெரிந்துவிடும். அந்த எண்ணை நம்பித்தான் சம்பளம் கொடுத்தார்கள் என்பார்.

திருத்தணிக்குத் திரும்பியதும் அதே எண்ணில் அச்சு செய்துகொண்டு, அரக்கோணம் சாலையில் பட்டறை போட்டார். அங்கே சம்பாதித்த கை இங்கேயும் சம்பாதிக்கும் என்று நம்பினார். அக்கா குடும்பமே அந்த நம்பிக்கையில்தான் இருந்தது. முதல் வேலை பள்ளிப்பட்டு விவசாயி ஒருவரின் வீட்டு கேட். மின்சாரம் போய்ப்போய் வந்ததில் நாள் தள்ளிப்போனது. பற்றவைத்து முடித்து, மூலையில் எண்ணையும் பதித்து வைத்திருந்தார். கேட்டை எடுத்துப்போக வந்த விவசாயியின் முகம் மாறிவிட்டது.

"இன்னாங்க இது நம்பரு? பாக்குறவன் பழைய மாலுன்னு சொல்லிக்கினு போவான். தேச்சி எடுத்துடுங்க."

பாவா தேய்த்து எடுத்தார். அடுத்தடுத்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள். பிறகு பக்கத்துக் கடையில் மலிவு என்று அங்கே போனார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? அவர்கள் கையிலும் காசில்லை.

"அதே கைதாம்பா. பிளேன் ஏறி எறங்குறதுக்குள்ள அதோட வெல எப்படிக் கொறஞ்சிது?" என்று ஒருநாள் கேட்டார். நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவன். அங்கே அவர் கைக்குப் பின்னால் நிற்காத மின்சாரம், பெரிய துறைமுகம், சோதித்துப் பார்க்கும் ஆள், நல்ல வேலைக்குக் காசு கொடுக்க வசதியுள்ளவன் என்று ஒரு நாடே நின்றது. இங்கே கை மட்டும்தான். அந்த நாட்டைத் தனி ஆள் பெட்டியில் கட்டிக்கொண்டு வர முடியாது. வகுப்பில் சரளமாகச் சொல்லும் இதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பட்டறையை மூடி, கூலிக்குப் போய், நெஞ்சுவலியில் பாவா போய்ச் சேர்ந்தார். போன மாதம் அவர் மகனும் வெல்டராகவே சிங்கப்பூர் கிளம்பினான். அப்பா நினைவாக இருக்கட்டும் என்று, பட்டறை மூடியபோது என்னிடம் வந்த அச்சை நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு என் கையிலேயே வைத்தான்.

"வேணாம் மாமா. அங்க போனா எனக்குப் புது நம்பர் குடுப்பாங்க."