லூசு என்று சொன்னோம்

அண்ணனுக்கு ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம். நான் சின்னமனூரில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். அண்ணனை முதன்முதலில் லூசு என்று சொன்னது நான்தான்.

அந்த வாரம் வகுப்பில் ஒரு மாணவி, லூசு ஆங்கில வார்த்தையா என்று கேட்டிருந்தாள். ஆங்கிலத்தில் அதற்குத் தளர்ந்தது, இறுகாதது என்றுதான் பொருள். கிறுக்குத்தனம் உள்ளவனை ஸ்குரூ லூசானவன் என்பார்கள். நாம் ஸ்குரூவை விட்டுவிட்டு லூசை மட்டும் எடுத்துக்கொண்டோம், நம் ஊர் ‘மறை கழண்டவன்’ மாதிரித்தான் என்றேன். திட்டும்போதும் சொல்லலாம், கொஞ்சும்போதும் சொல்லலாம், யாருக்கும் பெரிதாக வலிக்காது என்றும் சேர்த்துக்கொண்டேன். வகுப்பே சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனபோது மதினி குறைபட்டுக்கொண்டார். அண்ணன் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுக் கீழே ஊற்றிவிடுகிறாராம். கொடிக்கு அடிக்கும் பூச்சி மருந்து வாடை வருகிறதாம். நான் குடித்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர்.

“சரியான லூசுண்ணே நீங்க,” என்றேன். அண்ணனும் சிரித்தார். ஆனால் டம்ளரைத் தொடவில்லை.

அந்தச் சொல் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. பிறகு சோற்றில் வாடை என்றார், தலையணையில் வாடை என்றார். ஒருநாள் மாதா கோவிலில் பூசை நடுவே மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். லூசு என்று தலையை ஆட்டிக்கொண்டோமே தவிர, அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை.

கொடியை வெட்டிவிடும் கவாத்து நேரத்தில் ஒரு மத்தியானம் தோட்டத்துக்குப் போனேன். பந்தலுக்கடியில், கத்தரியைத் தூக்கிப் பிடித்தபடி அண்ணன் அசையாமல் நின்றார். கண் திறந்திருந்தது. உதடு மட்டும் எதையோ சப்புவதுபோல் அசைந்துகொண்டிருந்தது. மூன்று முறை கூப்பிட்டேன். சட்டென்று என்னைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து பேசுவதுபோலச் சொன்னார்.

“ஏலே, வாடை தண்ணியில இல்ல. எனக்குள்ளருந்துதான் வருது.”

கத்தரியை வாங்கிக் கீழே வைத்தேன். வெயில் அதிகம், வீட்டுக்குப் போய்ப் படுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அதற்கு மூன்றாவது வாரம், வியாபாரி முன்பணம் பேச வந்திருந்தபோது அவர் முன்னாலேயே அண்ணன் வலிப்பு வந்து விழுந்தார். தேனிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்கேனில் மூளையில் கட்டி தெரிந்தது. இல்லாத வாடை வருவதே அதன் அறிகுறியாக இருக்கலாம் என்ற டாக்டர், எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார்.

“ஆறு மாசமா சார். எல்லாரும் லூசுன்னு சொன்னாக. நானும் அப்படியே விட்டுட்டேன்,” என்றார் மதினி. என் பக்கம் திரும்பவில்லை.

மதுரையில் ஆபரேஷன் நடந்தது. முழுவதையும் எடுக்க முடியவில்லை, மிச்சம் வளரக்கூடும் என்றார்கள். அதை அண்ணனிடம் சொல்ல மதினிக்கும் மனம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். அவர் கேட்கவில்லை. போன வாரம் போனில், மேற்கே கிடக்கும் நிலத்திலும் பந்தல் போட்டால் என்ன, கொடி காய்க்க ஒன்றரை வருஷம் ஆகும், பரவாயில்லையா என்று யோசனை கேட்டார்.

“போடலாம்ணே,” என்றேன்.