பல்செட்டுக்காரரின் பின்னறைச் சொத்து

அந்தத் தெருவில் பல் தெரியச் சிரிக்கும் பெரியவர்களில் பாதிப் பேருடைய சிரிப்பு பல்செட்டுக்காரரின் கைவண்ணம். பல் மருத்துவமனையின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, மருத்துவர் எடுத்தனுப்பும் அச்சில் பிளாஸ்டரை ஊற்றித் தாடை வார்த்து, அதன்மேல் பல்வரிசை கட்டுவது அவர் வேலை. முகம் எதுவும் அவருக்கு நினைவில் நிற்காது. வாயைத் திறந்தால்தான் ஆளை அடையாளம் தெரியும். ஒருமுறை பேருந்தில் எதிரே இருந்தவர் கொட்டாவி விட்டதும் இவர் எட்டிக் குனிந்து, "கீழ்செட்டு இப்பவும் கடிக்குதா சார்?" என்று அக்கறையாக விசாரித்தார். அந்த மனிதர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

இவ்வளவு பணிவான மனிதருக்குள் ஒரு புரட்சிக்காரர் குடியிருந்தார். புரட்சியின் பெயர் லினக்ஸ். கணினியில் எல்லாரும் ஓட்டுகிற மென்பொருளை ஓட்டாமல், உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதி இலவசமாக விட்டிருக்கும் இதை ஓட்டுவது என்று அவர் என்றைக்கோ முடிவு செய்துவிட்டார். "கடையில விக்கிற பல்செட்டை அப்படியே வாயில மாட்டுவீங்களா? நம்ம வாய்க்கு நாமதானே அளவெடுக்கணும்?" என்று ஆரம்பித்தால், கேட்பவர் மெல்ல நாக்கால் தன் பற்களை எண்ணிப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

இந்தப் புரட்சியில் ஒரே ஒரு சங்கடம் உண்டு. கணினியோடு சேர்கிற ஒவ்வொரு கருவியையும் லினக்ஸுக்கு அறிமுகப்படுத்திவைக்க டிரைவர் என்று ஒரு சின்ன நிரல் வேண்டும். சில கம்பெனிகள் அதை எழுதித் தரும். சில கம்பெனிகள், "லினக்ஸா? யாருங்க அது?" என்று கேட்கும். ஆகையால் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பார்க்காமல் வாங்கிய காலத்தின் வரலாறு முழுவதும் அவர் வீட்டுப் பின்னறையில் இருந்தது. பேச மறுத்த பிரிண்டர், படம் காட்ட மறுத்த கேமரா, வாயைப் பிளந்தபடி உயிர்விட்ட சிடி டிரைவ்கள், எந்தக் கருவிக்கு உரியவை என்று பெற்றவனுக்கும் தெரியாத சார்ஜர்கள், ஒன்றையொன்று கட்டிப்பிடித்து அழும் கேபிள்கள். கதவை முழுதாகத் திறக்க முடியாது. உள்ளே போகிறவர் மூச்சை இழுத்துப் பிடித்து வயிற்றை ஒடுக்கிக்கொண்டு பக்கவாட்டில் போக வேண்டும்.

"குப்பை" என்று யாராவது சொன்னால் அவர் முகம் சுண்டிப்போகும். "எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்பேன்" என்பார். யாரும் இதுவரை கட்டிவிட்டதில்லை.

அவருடைய மனைவி தையல்காரர். முன்கூடத்தில் இரண்டு தையல் இயந்திரங்கள், ஒரு இஸ்திரி மேசை. துணி வெட்ட மட்டும் இடமில்லை. சாப்பாட்டு மேசையைத் துடைத்து வெட்டுவார். வெட்டியதை எடுத்துவிட்டுச் சாப்பாடு போடுவார். சில நாள் தட்டில் ஒரு பொத்தான் கிடக்கும். இந்த நிலையில் ஒரு மருத்துவமனை, ஊழியர்களுக்கு மேலங்கி தைத்துத் தரும் வேலையை அவரிடம் கொடுத்தது. அளவுப் படங்களை மெயிலில் அனுப்புவார்கள். அவற்றைத் தாள்தாளாக அச்சடித்து, ஒட்டி, துணிமேல் விரித்து வெட்ட வேண்டும். தெருமுனைக் கடையில் அச்சடித்துப் பார்த்ததில், முதல் மேலங்கியின் கை ஒரு பொம்மைக்கு அளவாக இருந்தது. அடுத்ததன் கைக்குள் பொம்மைக்காரனே குடியேறலாம்.

"உங்க பழைய கம்ப்யூட்டரும் போய்ச் சேர்ந்துடுச்சு. புதுசா ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கிடலாங்க" என்றார் மனைவி.

பல்செட்டுக்காரரின் கண்கள் பளபளத்தன. அதைப் பார்த்ததும் மனைவியின் தம்பி சுதாரித்துக்கொண்டான். அவன் வீட்டுக்கடன் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். எதற்கும் நிபந்தனை போடாமல் தூக்கம் வராது.

"அத்தான் வாங்கட்டும்க்கா. ஆனா வர்ற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள்ள நெட்டும் வரணும், பிரிண்டும் வரணும். வரலைன்னா நான் வந்து எல்லாரும் போடுறதையே போட்டுக் குடுத்துடுறேன்."

"அது மட்டும் இல்ல" என்றார் மனைவி. "வரலைன்னா பின்னறையில இருக்குற சாமானெல்லாம் பழைய இரும்புக்காரருக்கு. அந்த அறை எனக்குத் துணி வெட்ட."

"வந்துட்டா?"

"வந்துட்டா அறை உங்களோடது. இந்த ஜென்மத்துல வாயே திறக்க மாட்டேன்."

மனைவி வாயே திறக்க மாட்டார் என்பதை அவர் நம்பவில்லை. ஆனாலும் பந்தயத்தை ஏற்றுக்கொண்டார். புரட்சிக்காரர்கள் இப்படித்தான் மாட்டுவார்கள்.

கணினிக் கடையில் அவரைத் தெரியாதவர் இல்லை. சட்டைப்பையில் லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் இல்லாமல் அவர் அந்தப் படியேறியதே கிடையாது. கடைக்காரர் அவர் தலையைக் கண்டதும், "சார், இன்னைக்கு எத்தனை மெஷினுக்கு ஊசி போடப் போறீங்க?" என்றார்.

"வாயைத் திறந்து பாக்காம பல்லு கட்ட முடியுமா?" என்றார் இவர்.

பார்த்தார். ஒரு மேசைக் கணினியில் பென் டிரைவைச் செருகி, அதிலிருந்தே லினக்ஸைக் கிளப்பினார். சத்தம் வருகிறதா, திரை முழுசாகத் தெரிகிறதா, தூங்கப் போட்டால் திரும்ப எழுகிறதா என்று சோதித்தார். முதல் கணினி தூங்கியது, எழவில்லை. "இது நம்ம வீட்டுக்கு ஆகாது. ஏற்கெனவே என் மச்சினன் இருக்கான்" என்று ஒதுக்கினார். இரண்டாவது எழுந்தது. அதோடு பிரிண்டரை இணைத்து ஒரு சோதனைத் தாள் அடித்தார். அது எந்த மறுப்பும் சொல்லாமல் துப்பியது. அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பல்லுக்கு நிறம் பார்ப்பவர் போல ஒரு கண்ணை மூடினார். "சரி."

பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. அந்த மேசைக் கணினிக்குச் சொந்தமாக வைஃபை கிடையாது. யுஎஸ்பியில் செருகுகிற, கட்டைவிரல் அளவு வைஃபை குச்சி ஒன்று வேண்டும். அது பிளாஸ்டிக் உறைக்குள் இறுக்கமாகச் சீல் வைக்கப்பட்டிருந்தது.

"பிரிச்சுப் பாக்கலாமா?"

"பிரிச்சா உங்களோடது சார்."

அவர் உறையைத் திருப்பிப் பெயரைப் படித்தார். முகம் மலர்ந்தது. "அட, இதே மாடல் என்கிட்ட ஒண்ணு இருக்கு. தங்கம். செருகின உடனே வேலை செய்யும். பிரிக்கவே வேணாம், குடுங்க."

கூட வந்திருந்த மனைவி, "இருக்குன்னா இன்னொண்ணு எதுக்கு?" என்று கேட்டார்.

"அது பத்திரமா இருக்கு."

பத்திரமாக இருக்கும் பொருளை யாரும் எடுக்க முடியாது என்பது திருமணமான எல்லாருக்கும் தெரிந்த உண்மை என்பதால், மனைவி மேற்கொண்டு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை லினக்ஸ் நிறுவப்பட்டது. பிரிண்டர் அடித்தது. பல்செட்டுக்காரர் விசிலடித்தபடி உறையைப் பிரித்து வைஃபை குச்சியைச் செருகினார். ஒன்றும் நடக்கவில்லை. எடுத்து, துடைத்து, வேறு ஓட்டையில் செருகினார். விசில் நின்றது.

என்ன செருகப்பட்டிருக்கிறது என்று கணினியையே கேட்க ஒரு கட்டளை இருக்கிறது. கேட்டார். கணினி சொன்ன பெயர் அவர் வாழ்நாளில் கேள்விப்படாத ஒரு சிப்பின் பெயர். குச்சியைப் புரட்டிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, அடிப்பக்க ஓரத்தில் எறும்பு எழுதியது போல ஓர் எண் தெரிந்தது: மூன்றாம் பதிப்பு. அவரிடம் பத்திரமாக இருப்பது முதல் பதிப்பு. பெட்டி அதே பெட்டி, பெயர் அதே பெயர், நிறம்கூட அதே நிறம். உள்ளே இருக்கும் ஆள் மட்டும் வேறு. கம்பெனிக்காரன் வெளியே சொல்லாமல் மாற்றிவிட்டான். இத்தனை வருடம் ஊராருக்கு, "பேரைப் பாத்து வாங்காதீங்க, உள்ள என்ன இருக்குன்னு பாத்து வாங்குங்க" என்று போதித்தவர் பேரைப் பார்த்து வாங்கியிருந்தார்.

அந்தச் சிப்புக்கு ஒரு புண்ணியவான் டிரைவர் எழுதி இணையத்தில் வைத்திருந்தான். கைபேசியில் இறக்கி, கணினிக்கு மாற்றி, ஓட்டிப் பார்த்தார். அவன் எழுதியது பழைய லினக்ஸுக்கு. இவர் போட்டிருந்தது புத்தம் புதியது. திரையில் பிழைச் செய்திகள் மளமளவென்று ஓடின. அவர் அவற்றை மரியாதையோடு கடைசி வரை படித்தார்.

கடைக்கு ஞாயிறு விடுமுறை. மச்சினன் மதியமே வந்து சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"என்ன அத்தான், நெட்டு வருதா, இல்ல நடந்து வருதா?"

"வரும் மாப்ள." பிறகு மனைவியிடம் திரும்பினார். "இந்தாம்மா, ரவுட்டர்லேர்ந்து நேரா ஒரு வயரை இழுத்துட்டா..."

"கூடத்துக்குக் குறுக்கவா? நான் கத்திரியும் கையுமா நடக்குற இடம்ங்க அது. விழுந்தா யார் மேல விழுவேன்னு சொல்ல முடியாது."

"சரி, உன் போனை வயர் போட்டு இதோட இணைச்சுட்டா..."

"போன் என்ன நாய்க்குட்டியா, கட்டிப் போட? அளவு கேட்டு ஆளுங்க கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க."

இனி ஒரே வழி. அந்தத் தங்கம். முதல் பதிப்பு. பின்னறையில், பத்திரமாக.

அவர் எழுந்து, வயிற்றை ஒடுக்கி, பக்கவாட்டில் உள்ளே போனார். கண்ணைக் கட்டாமலேயே போனார். முதலில் இருந்த அட்டைப்பெட்டியில் அது இல்லை. அடுத்ததில் கீபோர்டுகள். அதற்கடுத்த பெட்டியைத் திறக்க வேண்டுமானால் முன்னிருந்த இரண்டையும் எங்கேயாவது வைக்க வேண்டும். அறையில் வைக்க இடமில்லை. வாசலில் நின்ற மனைவி கையை நீட்டினார்.

"குடுங்க, வெளியில வைக்கிறேன்."

எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தபடி கொடுத்தார்.

"இது அதுவாங்க?"

"அது கேமரா. அந்தப் பக்கம் போடு."

"இது?"

"சார்ஜர். எதுக்குன்னு தெரியல. தூக்கிப் போடு, தூக்கிப் போடு, வழியை மறைக்குது."

"இந்தப் பெரிய பிரிண்டர்?"

"அது என்னைக்கு அடிச்சுது? இழு வெளியில."

தேடுகிற வேகத்தில் ஒரு மனிதன் என்ன பேசுகிறான் என்று அவனுக்கே தெரியாது. ஆசை ஆசையாய்ச் சேர்த்ததையெல்லாம், "இது எதுக்கு இங்க கிடக்கு?" என்று தானே திட்டி வெளியே தள்ளினார். மனைவி ஒவ்வொன்றையும் வாங்கி, ஒரு வார்த்தை மறுபேச்சு இல்லாமல் கோணிச்சாக்கில் போட்டுக் கட்டினார். சாக்குகள் எங்கிருந்து வந்தன என்று கேட்கப் பல்செட்டுக்காரருக்கு நேரமில்லை. மச்சினன்கூடச் சட்டைக் கையை மடித்துவிட்டு உதவினான். அதுவே அவருக்குச் சந்தேகம் கொடுத்திருக்க வேண்டும்.

கடைசிப் பெட்டியும் காலியானது. அவர் வெறும் தரையில், தூசி படிந்த மீசையோடு உட்கார்ந்தார். குச்சி இல்லை. அறை அவ்வளவு பெரியது என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. சுவரில் ஒரு ஜன்னல்கூட இருந்தது.

மனைவி துடைப்பத்தோடு உள்ளே வந்தார். மேலே பார்த்தார்.

"ஏங்க, அந்த அலமாரித் தட்டுல ஒரு பிளாஸ்டர் தாடை இளிச்சுக்கிட்டு இருக்கே, அது வாயில நீலமா ஏதோ இருக்கு. அதுவா பாருங்க."

அவர் தலையைத் தூக்கினார். எப்போதோ வேலைக்கு ஆகாமல் வீட்டுக்கு எடுத்துவந்த ஒரு முழுத்தாடை, மேல்வரிசையும் கீழ்வரிசையுமாக. காணாமல் போய்விடக் கூடாதே என்று, அதன் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே அவரே கடிக்கக் கொடுத்துவைத்த வைஃபை குச்சி. பத்திரமாகத்தான் இருந்தது.

"உனக்கு... முன்னாடியே தெரியுமா?"

"வாராவாரம் தூசி தட்டுறேன், தெரியாதா?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

"கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்பேன்னீங்க. நடுவுல நான் எதுக்குப் பேசணும்னு இருந்துட்டேன்."

மச்சினன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

பல்செட்டுக்காரர் தாடையிடமிருந்து குச்சியைப் பிடுங்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினார். செருகினார். நீல விளக்கு கண் சிமிட்டியது. லினக்ஸ் எந்த டிரைவரும் கேட்கவில்லை. பழைய நண்பனைக் கண்டதுபோல உடனே ஏற்றுக்கொண்டது. மெயில் திறந்தது. மேலங்கிப் படம் இறங்கியது. பிரிண்டர் தாள்தாளாகத் துப்பியது. முதல் தாளின் மூலையில், அளவு சரிதானா என்று பார்ப்பதற்காக ஒரு சின்னச் சதுரம் உண்டு. மனைவி கழுத்தில் தொங்கிய டேப்பை அதன்மேல் வைத்து அளந்தார். நூலிழை பிசகவில்லை.

"வந்துருச்சு!" என்று இரண்டு கையையும் தூக்கினார் பல்செட்டுக்காரர். "நெட்டும் வந்துருச்சு, பிரிண்டும் வந்துருச்சு. சாயங்காலம்கூட ஆகல. பந்தயத்துல ஜெயிச்சது யாரு?"

"நீங்கதான்" என்றார் மனைவி, கொஞ்சமும் யோசிக்காமல்.

"அறை யாரோடது?"

"உங்களோடதுதான். யாரு இல்லைன்னா?"

வெற்றி வீரராக அவர் பின்னறைக்குத் திரும்பினார். கதவு முழுதாகத் திறந்தது. தரை கூட்டித் துடைத்திருந்தது. ஜன்னலுக்குக் கீழே, மச்சினன் எங்கிருந்தோ கொண்டுவந்து போட்ட நீள மேசை. அதன்மேல் நீலத் துணி விரித்து, சுண்ணக்கட்டியும் கத்திரியும் வைத்தாயிற்று. கட்டிய சாக்குகள் வாசலில் வரிசையாக நின்றன.

"அது வந்து... சாமானெல்லாம் திரும்ப உள்ள..."

"தாராளமா வைங்க. உங்க அறை" என்றார் மனைவி. "எது எது வேணும்னு நீங்க சொல்லுங்க, நானே தூக்கிட்டு வர்றேன். அந்தப் பெரிய பிரிண்டர் வேணுமா?"

"அது என்னைக்கு..." என்று ஆரம்பித்துவிட்டு, அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். சற்றுமுன் தன் வாயாலேயே சொன்ன தீர்ப்பு. ஒவ்வொரு சாக்காக நினைத்துப் பார்த்தார். ஒன்றைக்கூடக் கூசாமல் கேட்க முடியவில்லை.

"மேசை இன்னைக்கு மட்டும் இருக்கட்டும்" என்றார் கடைசியில், கம்பீரத்தைக் குறைத்துக்கொள்ளாமல். "எனக்கு ஆட்சேபம் இல்ல."

"பெரிய மனசுங்க உங்களுக்கு."

மச்சினன் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட வெளியே போனான். மனைவி அந்த நீள மேசையில் தாள்களை ஒட்ட உட்கார்ந்தார். பல்செட்டுக்காரர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். மூன்றாம் பதிப்பு அதில் கிடந்தது, பிரிக்கப்பட்டதால் திருப்பிக் கொடுக்க முடியாத, ஒன்றுக்கும் உதவாத அந்தப் புதுக் குச்சி. வாசலைப் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. அலமாரித் தட்டில் தாடை வெறும் வாயோடு இளித்தபடி இருந்தது. எட்டி, அதன் கடைவாயில் குச்சியை மெல்ல நுழைத்துக் கடிக்க வைத்தார்.

"அது எதுக்குங்க?" என்று தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார் மனைவி.

"அடுத்த லினக்ஸ்ல வேலை செய்யும்."

"சரி" என்றார் மனைவி. மேசைக்கு அடியில் மடித்துவைத்திருந்த காலிச் சாக்கு ஒன்றைக் காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.